சினிமாவில் சாகிறவர்கள் பொய் சொல்வதில்லை

போன மாதம் ஒரு மத்தியானம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, அதே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் என் பழைய நாற்காலிக்கு வந்த தட்டச்சர். முதல் தடவையாக மாஜிஸ்திரேட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மரண வாக்குமூலம் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“இப்பல்லாம் லேப்டாப்புலயே அடிச்சுப்போடறமுங்க்கா. வீடியோவும் எடுக்கறாங்க” என்று ஆரம்பித்தாள். பிறகு, “ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங்க்கா. ஆனா அழுகையே வரல. சீரியல்ல ஒருத்தி செத்தாத் தேம்பித் தேம்பி அழுவேன். இங்க கண்ணு முன்னால ஒருத்தரு போயிட்டிருக்காரு, எனக்கு ஒண்ணுமே வரலீங்க்கா. நெஞ்சு மரத்துப்போச்சுங்களா எனக்கு?” என்றாள்.

“அப்படியெல்லாம் இல்ல சாமி, போகப் போகப் பழகிரும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். சரியான பதிலை எழுதித்தான் பார்க்க வேண்டும்.

மரண வாக்குமூலம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தீக்காயமோ வெட்டோ விபத்தோ, பிழைப்பது சந்தேகம் என்ற நிலையில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால், டாக்டரோ போலீஸோ மாஜிஸ்திரேட்டுக்குக் கடிதம் அனுப்புவார்கள். மாஜிஸ்திரேட் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். என்ன நடந்தது என்று அந்த ஆள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. சொன்னவர் இறந்துவிடுவதால் குறுக்கு விசாரணையும் கிடையாது. சாகப்போகிறவன் பொய்யோடு போக மாட்டான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. சினிமாவின் நம்பிக்கையும் அதுவேதான்.

நான் எழுதப்போகும் வழக்கில் பெயர்கள் எதுவும் உண்மையில்லை. வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்ல மாட்டேன்.

நாமக்கல்லில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, கல்யாணமான அடுத்த வருடம் வேலைக்கு வந்தேன். ஐந்தாறு வருடம் சம்மன் அடித்தேன், ஜாமீன் உத்தரவு அடித்தேன், சாட்சிக்கூண்டில் நிற்பவர்கள் சொல்வதை அடித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள், இப்படி மாஜிஸ்திரேட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெஞ்ச் கிளார்க் லீவில் இருந்தார். வார்டில் கிடந்தது ஒரு பெண். “பொம்பளையாளு ஒருத்தர் கூட இருந்தா நல்லது” என்று மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எந்த மாஜிஸ்திரேட் மாறி வந்தாலும் ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் என்னையே பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அதுவரை சாவு என்றால் எனக்குச் சினிமாச் சாவுதான். அடிபட்டுக் கிடப்பவன் மகன் மடியில் தலை வைத்திருப்பான். வாய் ஓரத்தில் மட்டும் ரத்தம் இருக்கும். தலைமுடி கலைந்திருக்காது. முப்பது வருட ரகசியத்தை இலக்கணச் சுத்தமாகச் சொல்லி முடிப்பான், அல்லது கொன்றவன் பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வான். பிறகு தலை ஒரு பக்கம் சாயும். மகன் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் கண் மூடிக்கொள்ளும்.

கண் அப்படி மூடாது. மூடி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதை ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னார். அப்புறம் நானே பார்த்தேன்.

வார்டில் கிடப்பவர்கள் ரகசியம் சொல்வதில்லை. தண்ணீர் கேட்பார்கள். அநேகமாக எல்லோரும் தண்ணீர்தான் கேட்டார்கள். மேச்சேரிப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒருவர், பட்டியை ரோட்டைத் தாண்டி ஓட்டும்போது லாரி ஏறிவிட்டது. இடுப்புக்குக் கீழே அவருக்கு எல்லாம் நசுங்கியிருந்தது. மாஜிஸ்திரேட் குனிந்து, “வண்டி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். அவர், “சினையாடு தப்புச்சுதுங்களா?” என்றார். என்ன நிறம் லாரி என்று கேட்டதற்கும் அதுதான் பதில். நாலு தடவை கேட்டும் நாலு தடவையும் அதே பதில். நான் நான்கையும் எழுதினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்குள் போய்விட்டார். பட்டியில் தப்பியது எது, செத்தது எது என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவரிடம் சும்மாவாவது “தப்பிச்சிருச்சு” என்று சொல்லியிருக்கலாம். வாக்குமூலம் எடுக்கிற இடத்தில் நாங்கள் எதையும் சொல்லக்கூடாது.

பொய் சொன்னவர்களும் உண்டு. வரப்புத் தகராறில் தன் தம்பிதான் வெட்டினான் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். தம்பி அன்றைக்குச் சேலத்தில் இன்னொரு ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். சாகிற நேரத்திலும் அந்த ஆள் தம்பிக்கு ஒரு காரியம் செய்துவிட்டுப் போகப் பார்த்தார். அவர் முகத்தில் பயமோ வருத்தமோ இல்லை. எழுதி முடித்ததும், “படிச்சுக் காட்டுங்க” என்றார். படித்தேன். தம்பி பெயர் வந்த இடத்தில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கவிதாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீரியலில் ஒருத்தி செத்தால், நாம் அழுவதற்கென்றே ஒரு இடம் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு முகமாக மூன்று மூன்று தடவை காட்டுவார்கள். எப்போது அழ வேண்டும் என்று வயலின் சொல்லும். செத்தவள் நல்லவளா கெட்டவளா என்று முதலிலேயே நமக்குச் சொல்லியிருப்பார்கள். வார்டில் உனக்கு வேலை இருக்கிறது. அவர் சொல்கிற சொல்லை விடாமல் பிடிக்க வேண்டும். அவர் நல்லவரா என்று உனக்குத் தெரியாது. அழுகை வராதது குற்றமில்லை. என்னுடைய குற்றம் வேறு.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த மாஜிஸ்திரேட்டை ஐயா என்றே சொல்கிறேன். தெற்கத்திக்காரர். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிடுவார். கறுப்புக் கோட்டைப் பார்த்தால் ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்பார். முதலில் டாக்டரிடம், இவர் சுயநினைவோடு இருக்கிறாரா, பேசும் நிலையில் இருக்கிறாரா என்று எழுதி வாங்குவார். அடுத்து போலீஸை வெளியே அனுப்புவார். சொந்தக்காரர்களை அனுப்புவார். பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை போடச் சொல்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் பேப்பர் பக்கத்தில் வைப்பார். ஆரம்பித்த நேரத்தை நான் எழுதியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் காதுக்கு நேராகத் தன் வாய் வருகிற மாதிரி உட்காருவார்.

பெயர் என்ன, இது எந்த இடம், நான் யாரென்று தெரிகிறதா, இப்போது பகலா என்று கேட்பார். பதில்கள் சரியாக வந்தால்தான் மேலே போவார். “யார் செஞ்சது?” என்று ஒருபோதும் கேட்டதில்லை. “என்ன நடந்தது?” என்பார். அவ்வளவுதான். வேறொரு மாஜிஸ்திரேட், “உண்மையைச் சொல்லுமா” என்று ஆரம்பிப்பார் என்று ஒருமுறை சொன்னேன். ஐயா முகத்தைச் சுளித்தார். “அப்படிச் சொன்னா, நீ பொய் சொல்லப்போறேன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்” என்றார்.

இனி அந்த வழக்கு.

கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். பெண்ணுக்கு இருபத்தாறு வயது. பெயர் கோகிலா என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஐந்தரை வருடம், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. மண்ணெண்ணெய் பட்டு எரிந்திருந்தாள். முகத்தில் பாதி, கழுத்து, மார்பு, இரண்டு கைகள். முழங்காலுக்குக் கீழே காயமில்லை. பாதங்கள் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்த பெண்ணின் பாதங்களாக அப்படியே இருந்தன. பகல் பதினொன்றரை மணிக்கு நாங்கள் போனோம்.

வார்டு வாசலில் புருஷன் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா, இன்னும் நாலைந்து பேர். கோகிலாவின் அண்ணன் தனியாக ஒரு தூணோரம் நின்றிருந்தார். காலை நேரத்திலேயே குடித்திருந்தார். புருஷன் எழுந்து ஐயாவைக் கும்பிட்டான். அவன் உள்ளங்கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. அணைக்கப் போனபோது பட்டது என்று சொல்லியிருந்தான்.

கோகிலா எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். தொண்டை வெந்திருந்ததால் குரல் கரகரவென்று வந்தது. ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் நிறுத்தினாள்.

“என்ன நடந்ததும்மா?”

“பால் காய்ச்ச அடுப்புப் பத்த வெச்சனுங்க. சீமெண்ண கேன் பக்கத்துல இருந்துச்சு. கை பட்டுச் சாஞ்சிருச்சு. சேலையில புடிச்சுக்கிச்சு.”

“அப்போ வீட்டுல யார் இருந்தாங்க?”

“அவரு வெளிய இருந்தாருங்க. சத்தங் கேட்டு ஓடியாந்து அணச்சாரு.”

“வேற ஏதாவது சொல்ல விரும்புறியா?”

“ஒருத்தரும் காரணமில்லீங்க. என்ற புள்ளைய அவிங்க அப்பங்கிட்டயே உட்ருங்க.”

ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படித்துக் காட்டினேன். சரியென்றாள். விரல்கள் கட்டுக்குள் இருந்ததால் கால் கட்டைவிரல் ரேகை எடுக்க வேண்டும். அது என் வேலை. ஸ்டாம்ப் பேடை விரலில் ஒற்றி, அட்டையில் வைத்த பேப்பரை அமுக்கி எடுத்தேன். ஐயாவும் டாக்டரும் பேப்பரை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கமிருந்த மேசைக்குப் போனார்கள். முடியும்வரை நினைவோடு இருந்தாள் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவள் விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்படித் துடைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மையோடு விட்டுப் போக மனசு வராது, அவ்வளவுதான்.

“அக்கா” என்றாள். “எழுதியாச்சுங்களா?”

“எழுதியாச்சு சாமி.”

“நான் சொன்னது அப்படியே இருக்குதுங்களா?”

“அப்படியே இருக்குது.”

பிறகு சொன்னாள். அவர்தான் ஊற்றினார் என்று சொன்னாள். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போக முடியவில்லை என்றாள். எழுதிப்போடாதீங்க என்றாள். “எங்கண்ணன் ஊட்டுல என்ற புள்ளைக்கு ஒரு வா சோறு கெடைக்காதுங்க்கா. அவருக்குப் பாப்பான்னா உசுரு. கோவத்துல பண்ணிப்போட்டாரு” என்றாள்.

இதை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஏழெட்டுத் துண்டாகச் சொன்னாள். நடுவில் கண்ணை மூடினாள். ‘உசுரு’ என்ற சொல் பாதியில் நின்று மறுபடி வந்தது. நான் இங்கே ஒட்டவைத்து எழுதியிருக்கிறேன். சினிமாக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது.

நான் இன்னொரு விரலில் பட்டிருந்த மையையும் துடைத்தேன்.

காரில் ஏறி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் சட்டத்தைப் பற்றி யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் கண்ணில் ஒரு கோர்ட் தெரிந்தது, எங்கள் கோர்ட் இல்லை, சினிமாக் கோர்ட். கூண்டில் அவன் நிற்கிறான். நான் எதிர்க்கூண்டில் ஏறிச் சொல்கிறேன். அவன் தலை குனிகிறான். குழந்தையை யாரோ நல்லவர்கள் தூக்கிக்கொள்கிறார்கள். அந்த நல்லவர்கள் யார் என்று நான் யோசிக்கவில்லை. சினிமாவில் அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள்.

“ஐயா, அந்தப் பொண்ணு எங்கிட்ட வேற சொல்லுச்சுங்க” என்றேன். முழுவதையும் சொன்னேன்.

அவர் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. “நான் எங்க இருந்தேன்?” என்றார்.

“டாக்டர்கிட்டக் கையெழுத்து வாங்கப் போயிருந்தீங்க.”

“எழுத வேண்டாம்னு சொல்லுச்சா?”

“ஆமாங்க.”

கொஞ்ச தூரம் கார் போனது. “நீங்க எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னதுக்கப்புறம் நான் கேக்காம இருக்க முடியாது” என்றார். டிரைவரிடம், “வண்டியைத் திருப்புப்பா” என்றார்.

மறுபடி வார்டு வாசல். எங்களைப் பார்த்ததும் புருஷன் எழுந்தான். “ஏனுங்க, மறுபடியுங்களா? என்னாச்சுங்க?” என்றான். ஐயா நேராக வார்டுக்குள் போனார். அவன் என்னைப் பார்த்தான். அப்போது அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அது சாட்சி ஆகாது.

மறுபடி டாக்டர் சான்று, திரை, கடிகாரம். இந்த முறை ஐயாவால் “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்க முடியவில்லை.

“நான் போனதும் என் எழுத்தர் அம்மாகிட்ட ஏதாவது சொன்னியாம்மா?”

கோகிலா கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

“இல்லீங்க.”

“உன் புருஷன் ஊத்தினார்னு சொன்னியா?”

“நான் அப்படிச் சொல்லலீங்க. அக்காவுக்குத் தப்பாக் கேட்டிருக்குமுங்க.”

கேள்வியையும் பதிலையும் என் கையால் எழுதினேன். என் பெயர் போட்டே எழுதினேன். படித்துக் காட்டினேன். மறுபடி விரலில் மை ஒற்றி ரேகை எடுத்தேன். துடைக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். அந்த உடம்பில் அசைக்க முடிந்தது காலை மட்டும்தான். அதை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள். விரலில் மையோடுதான் போயிருப்பாள்.

திரும்பி வரும்போது ஐயா ஒன்றே ஒன்று சொன்னார். “உங்க காதுல கோளாறு இல்லம்மா. ஆனா அது இனி யாருக்கும் பிரயோஜனப்படாது.” அன்றிலிருந்து மையை நர்ஸ்தான் துடைக்க வேண்டும், டாக்டரும் தானும் பக்கத்தில் இருக்கும்போதே துடைக்க வேண்டும் என்று வைத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் நடந்த சாவு என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். கேட்டதைச் சொன்னேன். மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். சாகப்போகிறவளே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், அதற்கு எதிரே உயிரோடு இருக்கிற ஒருத்தி சொல்வது எப்படி நிற்கும்? விபத்து என்று முடிந்தது. கோர்ட்டில் எனக்கு எதிர் மேசையில் இருந்த ஒருவர், “சரோஜாக்காவுக்குச் சீரியல் பாத்துப் பாத்து அப்படிக் கேட்டிருக்குது” என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் நான் சீரியல் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் பார்ப்பார். அடுப்படியில் இருந்தால் வசனம் காதில் விழும். செத்தவள் எழுதிவைத்த கடிதம் ஒன்று கிடைக்கும். கெட்டவன் மாடியிலிருந்து விழுவான், அல்லது கண் தெரியாமல் போய், தான் கெடுத்தவளின் காலிலேயே விழுவான். “பாத்தியா, தப்புப் பண்ணுனவன் தப்பிக்க முடியாது” என்பார் வீட்டுக்காரர். தப்பித்தவர்கள் தினமும் வாய்தா வாங்கிக்கொண்டு என் மேசையைத் தாண்டித்தான் போனார்கள். கையெழுத்துப் போட என்னிடம் பேனா இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். கெட்டவன் செத்தால் நியாயம் நடந்துவிட்டது என்று நம்மைத் தூங்கப்போகச் சொல்கிற கதைகளின் மேல் எனக்கு இருக்கிற கோபம் சின்னக் கோபம் இல்லை. அன்றைக்குக் காரைத் திருப்பியது அந்தக் கதைகள்தான். உண்மையைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அவை. நான் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. சாகிற பெண் ஒருத்தி யாரையாவது நம்பலாம் என்று கடைசியாக ஒருத்தியை நம்பினாள், அதுவும் போயிற்று.

பதினாறு வருடம் கழிந்தது. நான் தலைமை எழுத்தராகி, ஓய்வுக்கு நாலைந்து மாதம் இருந்தது. நகல் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பினார்கள். இருபது வயது இருக்கும். சுடிதார், தோளில் காலேஜ் பை. கையில் அப்போதுதான் வாங்கிய நகல். என் முன்னால் வைத்தாள். என் கையெழுத்து. இரண்டு வாக்குமூலங்களும் இருந்தன.

“இதுல எழுத்தர் சரோஜான்னு போட்டிருக்கறது நீங்களுங்களா?”

“ஆமா.”

“நான் கோகிலா மகளுங்க.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒரு விசேஷ வீட்டில் அவள் மாமா குடித்துவிட்டுப் பத்துப் பேர் நடுவில் கத்தியிருக்கிறார், உங்கம்மாவ உங்கப்பன்தான் கொன்னான் என்று. அன்றிலிருந்து கோர்ட்டுக்கு நடந்து இதை வாங்கியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது.

“எங்கப்பா அப்படிப்பட்ட ஆளில்லீங்க” என்றாள். “ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. எனக்காகத்தான் பண்ணிக்கல. எட்டாவது படிக்கிற வரைக்கும் எனக்குச் சடை பின்னி உட்டதே அவருதானுங்க. எங்கம்மா முதல்ல சொன்னதுலயே தெளிவா இருக்குது. அது போதுமுங்க எனக்கு. ஆனா இந்த ரெண்டாவது...” விரலை என் பெயரில் வைத்தாள். “சாகறவங்க பொய் சொல்ல மாட்டாங்க. படத்துலகூடக் காட்டறாங்க. எங்கம்மா ரெண்டாந் தடவையும் இல்லைன்னுதான் சொல்லியிருக்காங்க. அப்ப நீங்கதான் தப்பாக் கேட்டிருக்கோணும். அப்படித்தானுங்களே?”

கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோகிலா நினைத்தது நினைத்தபடியே நடந்திருந்தது. வார்டில் அந்த நிலையில் கிடந்துகொண்டு, யார் தன் பிள்ளைக்குச் சோறு போடுவான், யார் போட மாட்டான் என்று சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். பிள்ளை வளர்ந்து, படித்து, என் முன்னால் நிற்கிறது. எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். அவன் கெட்டு அழிந்திருந்தால், குழந்தையைத் தெருவில் விட்டிருந்தால், நான் அன்று சொன்னது சரி என்று ஆகியிருக்கும். அப்படி ஆக வேண்டும் என்று நான் இத்தனை வருடம் உள்ளூர ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

“ஆமா சாமி” என்றேன். “வார்டுல ஒரே சத்தம். எனக்குத் தப்பாக் கேட்டிருச்சு.”

அவள் மூச்சு விட்டாள். பேப்பரை மடித்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“அம்மா குரல் எப்படி இருக்குமுங்க? எனக்கு நெனப்பே இல்ல. நீங்க கேட்டிருக்கீங்கல்ல?”

நான் கேட்டது வெந்த தொண்டையை. கோகிலாவின் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“உன்ற குரலேதான் அம்மிணி” என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவளோடு வராந்தாவுக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். நரைத்த தலை, தோளில் துண்டு. அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தாள். யார் மூலமாகவோ தெரிந்து, தேடிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் ஓடிப்போய்ப் பேப்பரைக் காட்டி ஏதோ சொன்னாள். தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் பேப்பரை வாங்கவில்லை. வெயிலில் காய்ந்த வண்டி சீட்டைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கைகள் சேருமுன் உள்ளங்கைத் தழும்பு அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

நானும் கும்பிட்டேன்.